கிளிப்பிள்ளை என்னும் சொல்லும் கிளியின் அறிவும்



பொருள் உணராது பாடத்தை ஒப்பிக்கும் சிறுவனைக் 'கிளிப்பிள்ளை' என்று கடிந்துகொள்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கு. முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற நானும் அச்சொல்லைப் பன்முறை எடுத்தாண்டிருக்கிறேன். ஒரு நாள், வாய்ப்பாட்டை ஒப்பித்த மாணவன் ஒருவனை நான் அவ்வாறு கடிந்தபோது, அவன் பணிவோடு, "ஐயா, கிளிக்குப் பொருள் தெரியாது என்பதை நாம் எவ்வாறு அறிந்தோம்?" என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. நான் அவனை அமரச் சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். விடை அறியாத என் நிலையை அதட்டலால் மறைத்தேன் என்பதே உண்மை. அவனுக்கு அன்று கூறியிருக்க வேண்டிய விடையை இன்று வரலாற்றின் துணைகொண்டு கூற விழைகின்றேன்.

கிளியின் பேச்சு மேனாட்டாரை வியப்பில் ஆழ்த்தியது இன்று நேற்றன்று. ஏறத்தாழக் கி.மு. 400-இல் பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த கிட்டீசியாஸ் என்னும் கிரேக்கர், இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், மனிதரைப் போல இந்திய மொழி பேசும் பறவை ஒன்றைக் குறித்துள்ளார்; பழக்கினால் அது கிரேக்கமும் பேசும் என்றார். ஆயினும் வியப்பு வேறு, ஆராய்ச்சி வேறு. 1637-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட், கிளிகள் நம்மைப் போலச் சொற்களை ஒலிக்கக்கூடுமேனும், தாம் சொல்வதை எண்ணிச் சொல்வதாகக் காட்ட இயலாதவை என்று எழுதினார். இக்கருத்தே பல தலைமுறைகளுக்கு நிலைபெற்றது.

விலங்கின் அறிவை அளப்பதில் உள்ள இடர்ப்பாட்டை உலகிற்கு உணர்த்தியது ஒரு குதிரை. பெர்லின் நகரில் வான் ஆஸ்டன் என்பார் வளர்த்த ஹான்ஸ் என்னும் குதிரை, கணக்குகளுக்குக் குளம்பால் தரையைத் தட்டி விடை கூறிற்று. 1904-இல் அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, இதில் சூது ஏதுமில்லை என்றது. பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் நுணுகி ஆராய்ந்து, 1907-இல் உண்மையை வெளியிட்டார். வினவுவோருக்கு விடை தெரியாதபோதும், அவர் குதிரையின் கண்ணுக்குப் படாதபோதும் குதிரை தவறியது. சரியான எண்ணிக்கை வந்தவுடன் வினவுவோர் தம்மை அறியாமலே செய்த சிறு தலையசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது! கணக்கறியாத குதிரைதான், ஆயினும் மனிதரின் மெய்ப்பாட்டைப் படிப்பதில் அது வல்லதன்றோ?

அடுத்து மனிதக்குரங்கின்பால் கருத்துச் சென்றது. சிம்பன்சியின் குரலுறுப்பு நம் சொற்களை ஒலிப்பதற்கு ஏற்றதன்று எனக் கருதப்பட்டது. ஆதலின் 1966-இல் அமெரிக்க நாட்டில் கார்ட்னர் தம்பதியர், வாஷோ என்னும் சிம்பன்சிக்குக் காதுகேளாதோர் கையாளும் சைகைகளைக் கற்பித்தனர். அது நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளைக் கற்றதாக அவர்கள் அறிவித்தனர். அது வாக்கியம் அமைத்ததா, பயிற்றுவோரைப் பின்பற்றியதா என்ற வாதம் பின்னர் எழுந்தது. ஹான்சின் நிழல் இங்கும் படர்ந்தது எனலாம்.

இந்நிலையில் 1977-இல் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அம்மையார், சிக்காகோ நகரில் ஒரு கடையில், ஆப்பிரிக்கச் சாம்பல் நிறக் கிளி ஒன்றை வாங்கி, அலெக்ஸ் எனப் பெயரிட்டார். அவர் கையாண்ட முறை ஆசிரியர்களாகிய நாம் அறியத்தக்கது. கிளியின் முன்னிலையில் ஒருவர் ஒரு பொருளைக் காட்டி வினவுவார். மற்றொருவர் விடை கூறுவார். சரியாயின் அப்பொருளே பரிசு. தவறாயின் பொருள் மறைக்கப்படும். அதனைக் கண்டிருந்த கிளி, தானும் போட்டியில் இறங்கும். இவ்வாறு அலெக்ஸ் ஏறத்தாழ ஐம்பது பொருள்களின் பெயர்களையும், ஏழு நிறங்களையும், ஐந்து வடிவங்களையும் அறிந்தது. இரு பொருள்களைக் காட்டி, "எது வேறுபடுகிறது?" என்று கேட்டால், நிறமா, வடிவமா, செய்பொருளா என்று கூறும், வேறுபாடு இல்லையெனில் 'இல்லை' என்னும். அதுவரை காணாத பொருள்களைக் கொண்டும் சோதித்தமையால், இது வெறும் மனப்பாடம் ஆகாது. 2005-இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, தட்டில் இராத ஓர் எண்ணிக்கையைக் குறித்து வினவியபோது, அவ்விடத்திற்கெனக் கற்பிக்கப்படாத அந்த 'இல்லை' என்னும் விடையைக் கிளி தானே எடுத்துப் பொருத்திற்று. பொருள் அறியாத வாய்க்கு இது இயலுமோ?

சிறிய தலையில் இவ்வாற்றல் எங்ஙனம் அடங்கியது? பறவை மூளையின் பெரும்பகுதி இயல்பூக்கத்திற்கே உரியது என்ற எடிங்கர் காலத்துக் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி செல்வாக்குப் பெற்றிருந்தது. 2004-இல் அறிஞர்கள் அக்கொள்கையைக் கைவிட்டு, மூளைப் பகுதிகளுக்குப் புதிய பெயர்களும் இட்டனர். கிளி, காகம் ஆகியவற்றின் மூளையில் நரம்பணுக்கள் மிக நெருங்கி அமைந்துள்ளன என்றும், அவற்றுள் பெரியவற்றின் முன்மூளை அணுக்கள், மூளையளவில் பன்மடங்கு பெரிய குரங்குகளின் அணுக்களுக்கு எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல என்றும் 2016-இல் கண்டறிந்தனர்.

அங்ஙனமாயின் எவ்வுயிர் அறிவிற் சிறந்தது? நியூ கலிடோனியாத் தீவுக் காகம் கொக்கி போன்ற கருவி செய்து புழுவை எடுக்கின்றது. குதிரை முகக்குறிப்பை உணர்கின்றது. கிளி சொல்லையும் பொருளையும் இணைக்கின்றது. ஒரே ஏணியில் நிறுத்தி மேல் கீழ் கூற இயலாது. அலெக்ஸும் ஐந்து வயதுக் குழந்தையைப் போல உரையாடியதில்லை. மிகைபடக் கூறுதலும் பிழையே.

அலெக்ஸும் வாஷோவும் 2007-ஆம் ஆண்டிலேயே மறைந்தன. அவை நமக்கு விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு. ஓர் உயிருக்கு அறிவில்லை என்று தீர்ப்புக் கூறுமுன், அவ்வறிவு வெளிப்படுதற்குரிய கேள்வியை நாம் கேட்டோமா என்று எண்ணுதல் வேண்டும். மாணவர்க்கும் இது பொருந்தும். ஒப்பிக்க மட்டுமே கேட்ட ஆசிரியன், ஒப்பித்தவனைக் கிளிப்பிள்ளை என்று பழித்தல் முறையோ? அன்று வினவிய அம்மாணவன் இன்று எங்கிருந்து இதனைக் கேட்கின்றானோ அறியேன். அவன் கேட்டது நல்ல கேள்வி. அதட்டியது என் பிழை.