இலைச் செந்நிறம் பற்றிய ஆய்வு வரலாறு

குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் பல மரங்களின் இலைகள் உதிர்வதற்கு முன் சிவக்கின்றன. இந்நிறத்தைத் தருவது அந்தோசயனின் என்னும் நிறமியாகும். 1835இல் செருமானிய மருந்தியலாளர் மார்க்வார்ட், பூ, நீலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்துப் பூக்களின் நீல நிறமிக்கு இட்ட பெயரிலிருந்து இச்சொல் வந்தது. ஆனால் இந்நிறமியால் இலைக்கு என்ன பயன் என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரியத் தாவரவியலாளர் அன்டன் கெர்னர், ஆல்ப்ஸ் மலையில் 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒரு தோட்டம் அமைத்துச் சமவெளிச் செடிகளை வளர்த்தார். அங்கே குளிரும் கடும் ஒளியும் ஒருசேர இருந்தன. புதினா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூலிகையின் இலைகள் கருஞ்சிவப்பாயின. அச்செடி நன்கு வளர்ந்தது. இந்நிறமியை உண்டாக்காத ஆளிச் செடியின் இலைகளோ மஞ்சளாகி நலிந்தன. செந்நிறமி பச்சையத்தை மிகை ஒளியிலிருந்து காக்கும் திரை என்று கெர்னர் கருதினார்.

இக்கருத்து உடனே நிலைபெறவில்லை. இலை முதிரும்போது சேரும் கழிவே சிவப்பு என்று பலர் எண்ணினர். இதில் ஒரு சிக்கல் இருந்தது. இலையுதிர் காலத்தில் வெளிப்படும் மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் இலையில் முன்பே இருப்பவை; பச்சையம் சிதைந்ததும் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தோசயனினோ அப்போதுதான் புதிதாக உருவாகிறது. சில நாட்களில் உதிரப்போகும் இலை இதற்காகச் சர்க்கரையைச் செலவிடுவது ஏன்?

குளிரில் நொதிகளின் வேலை மந்தமாகிறது. பச்சையம் ஒளியை உறிஞ்சுவதோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. பயன்படாமல் மிஞ்சும் ஆற்றல், தீங்கு விளைவிக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உருவாக்கி இலையைச் சிதைக்கும். அதே நாட்களில்தான் மரம் இலையிலுள்ள நைட்ரஜனைத் திரும்ப எடுத்துத் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. இலை முன்கூட்டியே சிதைந்தால் அச்சேமிப்பு குறையும்.

2001இல் ஃபீல்ட், லீ, ஹோல்புரூக் ஆகியோர் அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் டாக்வுட் என்னும் புதர்ச்செடியை ஆராய்ந்தனர். கடும் ஒளிக்குப் பின் சிவந்த இலைகள் மஞ்சள் இலைகளைவிட நன்றாக மீண்டன. 2003இல் ஹாக் குழுவினர், அந்தோசயனினை உண்டாக்க இயலாத திரிபுச் செடிகளை இயல்பான செடிகளுடன் ஒப்பிட்டனர். குளிரும் மிகை ஒளியும் சேர்ந்த நிலையில், நிறமியுள்ள செடிகளே அதிக நைட்ரஜனை மீட்டன. கெர்னரின் கருத்துக்கு இவை வலுவூட்டின.

இலையுதிர் கால நிறங்கள் பூச்சிகளுக்கு மரம் தரும் எச்சரிக்கை என்று ஹாமில்டனும் பிரவுனும் 2001இல் வேறொரு விளக்கம் தந்தனர். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல, விவாதம் தொடர்கிறது. மாந்தளிரின் செம்மைக்கும் அந்தோசயனினே காரணம் என்பதால், வெப்ப நாடுகளின் இளந்தளிர்களிலும் இதே கேள்வி ஆராயப்படுகிறது.