கணக்காளர் தொழிலும் பயிலுநர் உடன்படிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு தொழிலின் வரலாற்றை எழுதுவோர் அத்தொழிலின் சங்கங்களையும் சட்டங்களையும் அதில் உயர்ந்தோரையும் பற்றியே பெரும்பாலும் எழுதுவர். அத்தொழிலுக்குள் யார் நுழைய முடிந்தது, யாருக்கு வாயில் அடைக்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பிரித்தானியாவில் கணக்காளர் தொழில் வளர்ந்த வரலாற்றை இவ்வினாவின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

19ஆம் நூற்றாண்டில் கைத்தொழிற் புரட்சியின் விளைவாகப் புகையிரதக் கம்பனிகளும் கூட்டுப்பங்குக் கம்பனிகளும் பெருகின. பிறர் முதலைக் கொண்டு நடத்தப்பெற்ற இம்முயற்சிகளுக்குக் கணக்காய்வு இன்றியமையாததாயிற்று. முறிவடைந்த வணிகரின் சொத்துக்களைப் பொறுப்பேற்றுக் கடன் கொடுத்தோரிடையே பங்கிடும் பணியும் கணக்காளரை வந்தடைந்தது. எடின்பரோக் கணக்காளர் 1854 இலும், கிளாஸ்கோக் கணக்காளர் 1855 இலும் அரச பட்டயம் பெற்றனர். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1880 இல் பட்டயம் பெற்றது.

பட்டயக் கணக்காளராக விரும்பிய இளைஞன், தொழில் நடத்தும் கணக்காளர் ஒருவருடன் உடன்படிக்கை செய்து ஐந்தாண்டு காலம் பயிலுநராக இருத்தல் வேண்டும். பட்டதாரிகளுக்கு இக்காலம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டிருந்தது. முதனிலை, இடைநிலை, இறுதி என்னும் மூன்று பரீட்சைகளிலும் அவன் தேறவேண்டியிருந்தது. வழக்கறிஞர் தொழிலில் முன்னரே நிலவிய முறையை ஒத்தது இது.

இம்முறையில் சிறப்பு இல்லாமலில்லை. பேரேட்டின் கூட்டுத்தொகைகளைச் சரிபார்த்தும், பதிவுகளை உறுதிச்சீட்டுக்களுடன் ஒப்பிட்டும் பழகிய பயிலுநன், நூல்களில் காணமுடியாத தொழில் நுணுக்கங்களை நேரிற் கண்டான். ஆயின் பரீட்சைக்கு வேண்டிய கோட்பாட்டறிவைப் பெரும்பாலும் அவன் தானே தேடிக்கொள்ள நேர்ந்தது. பகலில் அலுவலகத்திலும் இரவில் அஞ்சல்வழிப் பாடங்களிலும் அவனது காலம் கழிந்தது.

பெருந்தடை வேறோரிடத்தில் இருந்தது. பயிலுநனை ஏற்றுக்கொள்வதற்குக் கணக்காளர் ‘பிறீமியம்’ எனப்பட்ட முற்கட்டணத்தைப் பெறுவது வழக்கம். அது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கினிகளாக அமைந்தது. பயிற்சிக் காலத்தில் ஊதியம் கிடைக்காமலும் போகலாம். கிடைப்பினும் அது சொற்பமே. எனவே மகனுக்காகப் பெருந்தொகை செலுத்தி, ஐந்தாண்டுகள் அவனைத் தாங்கவும் வல்ல குடும்பங்களுக்கே இத்தொழில் எளிதாயிற்று. அதே அலுவலகத்தில் சம்பளத்துக்கு உழைத்த எழுதுவினைஞன் கணக்காய்வில் எவ்வளவு தேர்ச்சி பெற்றிருப்பினும், உடன்படிக்கை இன்மையால் பட்டயக் கணக்காளனாக முடியவில்லை. பரீட்சை அறிவை அளந்தது. அதற்கு முன்னரே உடன்படிக்கை தந்தையின் செல்வத்தை அளந்துவிட்டது.

இவ்வாறு புறத்தே நிறுத்தப்பட்டோர் வேறு சங்கங்களை நாடினர். 1885 இல் உருவாகிய கணக்காளர், கணக்காய்வாளர் சங்கம் நீண்டகால அனுபவமுள்ள எழுதுவினைஞருக்கும் வழிவகுத்தது. 1904 இல் தோன்றிய இலண்டன் கணக்காளர் சங்கம் 1909 இல் பெண் ஒருவரை உறுப்பினராக ஏற்றது. பட்டய நிறுவகமோ பெண்களுக்கு நெடுங்காலம் இடமளிக்கவில்லை. இலண்டனில் சொந்தமாகத் தொழில் நடத்திய மேரி ஹரிஸ் சிமித் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பால் காரணமான தகுதியின்மையை நீக்கும் சட்டம் 1919 இல் நிறைவேறிய பின்னரே, 1920 இல், அவர் அனுமதிக்கப்பட்டார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். தொழிற்சங்கம் தானாகத் திறவாத வாயிலைச் சட்டமே திறக்க வேண்டியிருந்தது என்பதை இது காட்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளில் முற்கட்டண வழக்கம் படிப்படியாக மறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பல்கலைக்கழகப் பட்டமே இத்தொழிலுக்குரிய பெருவழியாயிற்று. 2017 இல் பிரித்தானிய அரசு, ஆண்டுச் சம்பளப் பட்டியல் முப்பது இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொழில் தருநரிடமிருந்து 0.5 வீதப் பயிலுநர் வரியை அறவிடத் தொடங்கியது. பாடசாலைக் கல்வியை முடித்தோர் பட்டமின்றியே ஊதியத்துடன் கணக்காளராகப் பயிலும் வழிக்கு இது வலுவூட்டியது. முன்னர் பயிலுநனின் தந்தை ஆசானுக்குப் பணம் கொடுத்தார். இப்போது பயிற்சிச் செலவு தொழில் தருநரைச் சார்ந்தது.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகமும் பரீட்சையுடன் செய்முறைப் பயிற்சியையும் வேண்டி நிற்கின்றது. இங்கு முற்கட்டணம் கேட்கப்படுவதில்லை. எனினும் தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள ஊரொன்றின் மாணவன் பயிற்சிக்குத் தகுந்த இடத்தைத் தேடிப் பெறவும், அங்கு தங்கி வாழவும் வேண்டிய பொருள் அவனது குடும்பத்திடமிருந்தே வரவேண்டியிருப்பின், பழைய கட்டணம் வேறு வடிவில் தொடர்கின்றது என்றே கொள்ளல் வேண்டும். பரீட்சையைப் பொதுவாக்கினால் மட்டும் போதாது. பயிற்சிக் காலத்தை வறியவனும் கடந்து செல்ல வழி அமையும்போதே இத்தொழில் அனைவர்க்கும் உரியதாகும்.