எம்டன் போர்க்கப்பலின் அசல் படத்தை இணையத்தில் இனங்காண்பது எப்படி?

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைப் பீரங்கிகளால் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் படங்களை இணையத்தில் தேடுவோர், பெயரை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். அதே பெயரில் 1916, 1925 ஆகிய ஆண்டுகளிலும் ஜெர்மனி போர்க்கப்பல்களைக் கடலில் இறக்கியது.

புகைபோக்கிகளை எண்ணுவது முதல் சோதனை. சென்னையைத் தாக்கிய கப்பலுக்கு மூன்று. 1925-ஆம் ஆண்டுக் கப்பலுக்கு இரண்டே. ஆனால் 1916-ஆம் ஆண்டுக் கப்பலுக்கும் மூன்று என்பதால் குழப்பம் தீராது. அதன் முகப்பில் முந்தைய எம்டனின் நினைவாக இரும்புச் சிலுவைச் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. அச்சின்னம் தென்பட்டால் அது சென்னைக்கு வந்த கப்பல் அன்று.

1914 நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் தோற்று, கோகோஸ் தீவுகளில் தரைதட்டிய எம்டனின் சிதைந்த தோற்றத்தைக் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையத் தொகுப்பில் காணலாம். பெயருடன் ஆண்டையும் சேர்த்துத் தேடுவது நலம்.