தாயின் மீது விழுந்த பழியும் ஓர் அளவீடும்

மனச்சிதைவு நோய் எதனால் வருகிறது? 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் தாயின் வளர்ப்பைக் காரணம் காட்டி எழுதினார். அக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குடன் நிலவியது. பிள்ளையின் நோயால் துவண்ட தாய், பழியையும் சேர்த்துச் சுமந்தாள்.

நோயாளியின் மூளையில் தெளிவான மாற்றம் எதையும் எவராலும் காட்ட இயலாதிருந்தது இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. இது மூளை சார்ந்த நோய் என்றே ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் முன்பே கருதியிருந்தார். எனினும் நுண்ணோக்கி வழியே தேடியோருக்கு உறுதியான அடையாளம் கிட்டவில்லை. 1927-இல் யாக்கோபி, விங்க்லர் ஆகிய இருவர், தண்டுவடத்தின் வழியே காற்றைச் செலுத்தி நோயாளிகளின் மூளையை எக்ஸ்ரே எடுத்தனர். மூளையின் நடுவே நீர் நிறைந்திருக்கும் அறைகள் விரிந்திருந்ததாக அறிவித்தனர். ஆனால், கடும் தலைவலி தரும் அம்முறையை நலமுள்ளோரிடம் செய்து ஒப்பிடுவது அரிது. ஒப்பீடு இல்லாத அளவு சான்றாகாது.

1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி அத்தடையை நீக்கியது. 1976-இல் இலண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையைச் சேர்ந்த ஈவ் ஜான்ஸ்டோன், டிம் க்ரோ குழுவினர், நெடுநாள் நோயாளிகள் 17 பேரையும் நலமுள்ளோர் 8 பேரையும் ஒப்பிட்டனர். நோயாளிகளின் மூளையறைகள் பெரிதாக இருந்தன. 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இருவரில் ஒருவர் மட்டும் நோயுற்ற 15 ஒத்த இரட்டையர் இணைகளை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்தனர். ஒரே மரபணுக்களைப் பெற்றிருந்தும், பெரும்பாலான இணைகளில் நோயுற்றவரின் மூளையறைகளே பெரிதாக இருந்தன.

இவ்வளவுகளின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். இவை சராசரி வேறுபாடுகளே. நோயுற்றோர் பலரின் அளவுகள் நலமுள்ளோரின் அளவுகளுக்குள்ளேயே அடங்கும். ஆகவே ஸ்கேன் படத்தை மட்டும் கொண்டு ஒருவருக்கு இந்நோய் உண்டென்றோ இல்லையென்றோ கூற இயலாது. மாற்றம் நோய்க்குக் காரணமா விளைவா என்பதையும் படம் மட்டும் தீர்மானிக்காது.

ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. இது உடலைத் தொட்ட நோய். நம் இல்லங்களில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், தாயின் வளர்ப்பையோ நோயாளியின் ஈமானையோ குறை கூறுவது அநீதி. அவருக்காகத் துஆச் செய்வோம். தாமதமின்றி மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.