மதியச் சாப்பாடு: பம்பாய் போட்ட கணக்கு

மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கிட்டுப் போறதா, வெளியே வாங்குறதா? சம்பளம் வாங்குற எல்லாரும் ஒருமுறையாவது போடுற கணக்கு இது. பம்பாய் நகரம் இதை நூறு வருஷத்துக்கு மேல போட்டுப் பார்த்திருக்கு. இன்னைக்கு அந்தக் கதை.

1850-களில் அங்கே பஞ்சாலைகள் வர ஆரம்பிச்சது. கொங்கண் பக்கத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆண்கள் தனியா வேலைக்கு வந்தாங்க, குடும்பம் ஊரில். ஒரே அறையில் பல பேர், சமைக்க வசதி இல்லை. அவங்களுக்குச் சமைச்சுப் போட்டது ஆலைப் பகுதியில் குடியிருந்த பெண்கள். சொந்த அடுப்பில் சமையல், மாசக் கணக்கில் காசு. மராட்டியில் இதுக்கு ‘கானாவள்’னு பேர். நம்ம ஊர் மெஸ் மாதிரி வச்சுக்கலாம்.

ஆபீஸ் போனவங்க கதை வேற. அவங்களுக்கு வீட்டில் சமைக்க ஆள் இருந்தது. 1890 வாக்கில் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் சுமார் 100 பேரைச் சேர்த்து டப்பா கொண்டுபோகும் வேலையை ஆரம்பிச்சார். எஞ்சினியர்கள் டப்பாவாலான்னதும் அவங்க குறியீட்டு முறையைப் பத்திதான் பேசுவோம். எனக்கு அதைவிட முக்கியமாப் படுற கேள்வி: டப்பாவை அவங்களே கையில் எடுத்துட்டுப் போயிருக்கலாமே?

காலை ரயிலுக்குக் கிளம்பும்போது சாப்பாடு தயாரா இருக்கணும்னா, ஒருத்தர் விடியறதுக்கு முன்னாடியே அடுப்பு மூட்டணும். டப்பாவாலா அதுக்கப்புறம் வந்து வாங்கிக்கிட்டா, சமைக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு மணி நேரம் கிடைக்கும். அந்தக் கூலியில் அந்த நேரமும் சேர்த்திதான். இன்னொரு காரணத்தையும் மறைக்க வேண்டாம்: சாதி, மதம் பார்த்து வெளியே சாப்பிடத் தயங்கினவங்களும் நிறைய பேர்.

இப்போ கானாவளுக்குத் திரும்புவோம். தொழிலாளி பணம் தருவது மாசக் கடைசியில். ஆனா அரிசி, பருப்பு, எண்ணெய் முன்னாடியே வாங்கணும். நடுவில் இருக்கும் நாட்களுக்கு வட்டிக்காரர்தான் கதி. 1975-ல் பிரேமா புரவ் இந்தப் பெண்களைச் சேர்த்து அன்னபூர்ணா மகிளா மண்டலை ஆரம்பிச்சு, வங்கிக் கடன் கிடைக்க வழி செஞ்சார். அடுப்படி வேலை தொழில்னு கணக்கில் ஏறியது அப்படித்தான். 1982-ல் ஆலை வேலைநிறுத்தம் வந்து லட்சக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் நின்னப்போ, அந்த அடி இவங்க அடுப்பிலும் விழுந்தது.

யோசிச்சுப் பாருங்க. அதே சோறு, அதே குழம்பு. வெளி ஆளுக்குப் போட்டா அதுக்கு மாச விலை இருக்கு. வீட்டு ஆளுக்கு டப்பாவில் கட்டினா விலை பூஜ்யம். “வீட்டுச் சாப்பாடுதான் சீப்”னு நாம சொல்றப்போ அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்துத்தான் சொல்றோம்.

வெளியே வாங்கித் தின்னுங்கன்னு நான் சொல்லலை. தினமும் ஆப்பில் ஆர்டர் போட்டா மாசக் கடைசியில் வலிக்கும், உண்மைதான். நீங்களே சமைச்சுக் கட்டிக்கிட்டுப் போனா மிச்சம் உங்களுது. அம்மா அஞ்சு மணிக்கு எழுந்து கட்டித் தந்தா அது மிச்சம் இல்லை. உங்க செலவு அவங்க தூக்கத்துக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். நான் வாரத்தில் மூணு நாள் ராத்திரியே காய் நறுக்கி வச்சு நானே சமைக்கிறேன். மீதி ரெண்டு நாள் ஆபீஸ் பக்கத்து மெஸ். அங்கே சமைக்கிற அக்காவுக்கு மாசம் பிறந்ததும் முன்பணமா கொடுத்துடுறேன்.

உங்க எக்செல் ஷீட்டில் ‘மதியச் சாப்பாடு’ வரிக்குப் பக்கத்தில் ஒரு காலம் சேருங்க: இது யாரோட நேரம்? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.