ஆமையாகிப் போன கணினிகள்

போன வாரம் பரணை ஒழிக்கும்போது என்னோட எம்.இ. ப்ராஜெக்ட் சிடி கையில் சிக்கியது. உள்ளே அத்தனையும் என்எஸ்-2 ஸ்கிரிப்ட்டுகள். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்றேன்.

ஐம்பது பேர் கையில் லேப்டாப்பைக் கொடுத்து மைதானத்தில் சுத்தவிட்டு வயர்லெஸ் நெட்வொர்க்கைச் சோதிக்க நம்மகிட்ட காசு ஏது? அதுக்குத்தான் சிமுலேட்டர். 1989-ல் ரியல் என்ற சிமுலேட்டரிலிருந்து கிளைத்தது என்எஸ். 1995-லிருந்து டார்பாவின் பணத்தில், விண்ட் என்ற திட்டத்தில் வளர்ந்தது. அதில் வயர்லெஸ்ஸைச் சேர்த்ததில் பெரும்பங்கு கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மொனார்க் குழுவுக்கு.

அவங்க ஒரு மொபைல் கணினியைத் துண்டு துண்டாகப் பிரிச்சாங்க. ரூட்டிங், லிங்க் லேயர், பாக்கெட் வரிசை, மேக், ரேடியோ, சேனல் எல்லாம் தனித்தனி சி++ துண்டுகள். ஓடிசிஎல் ஸ்கிரிப்ட்டில் கோர்த்தால் போதும். ரூட்டிங்கை மட்டும் கழட்டி மாட்டலாம், மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். 1998-ல் டிஎஸ்டிவி, டோரா, டிஎஸ்ஆர், ஏஓடிவி நாலையும் 50 கணினிகள் வைத்து அவங்க ஒப்பிட்டது இப்படித்தான்.

கணினிகளை நகர்த்தவும் ஒரு துண்டு உண்டு: ரேண்டம் வேபாயிண்ட். ஏதோ ஒரு இடத்தைத் தேர்ந்தெடு, 0-க்கும் உச்சத்துக்கும் நடுவே ஏதோ ஒரு வேகத்தில் அங்கே போ, கொஞ்சம் நில், மறுபடியும் கிளம்பு. ஊரே இதை எடுத்துப் பயன்படுத்தியது. நானும்தான்.

2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யூன், லியூ, நோபிள் மூவரும் குட்டை உடைச்சாங்க. வேகமாப் போறவன் சட்டுனு போய்ச் சேர்ந்து அடுத்த வேகத்தை எடுத்துக்கிறான். ஆமை வேகம் கிடைச்சவன் அதிலேயே மாட்டிக்கிறான். நேரம் ஆக ஆக ஆமைகள் கூட்டம்தான் பெருகும், சராசரி வேகம் இறங்கிக்கிட்டே போகும். தீர்வு ரொம்பச் சின்னது: குறைந்தபட்ச வேகத்தை 0-க்கு மேலே வை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரை வந்து மூணு வருஷம் கழிச்சுத்தான் நான் ப்ராஜெக்ட் செஞ்சேன். படிக்கலை. நேரம் ஆக ஆக என் புரோட்டகால் பிரமாதமா வேலை செய்யுதுன்னு கிராஃப் போட்டு, மார்க்கும் வாங்கினேன். நேத்து ராத்திரி அந்த நகர்வு ஃபைலைத் திறந்து வேகங்களைக் கணக்குப் போட்டேன். முதல் நிமிஷத்தைவிடக் கடைசியில் பாதிக்கும் கீழே! புரோட்டகால் தேறவில்லை, கணினிகள்தான் நடக்காம நின்னிருக்கு.

அடுத்தவர் செஞ்ச துண்டை எடுத்து மாட்டுறதில் தப்பே இல்லைங்க. அது என்ன அனுமானத்தில் ஓடுதுன்னு ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். என்எஸ்-3-ல் இதே துண்டின் இயல்பு வேகம் விநாடிக்கு 0.3 முதல் 0.7 மீட்டர். 0 கிடையாது.

எங்க கைடுகிட்ட இதைச் சொல்லணும். மார்க்கைத் திருப்பிக் கேட்க மாட்டார்னு நம்புறேன் :-)