துண்டு: ஒரு சீட்டு போன வழி

நூறு ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு காகிதம் கைமாறிக்கொண்டிருந்தது. தோட்டத் துரை கையெழுத்திட்ட சிறு சீட்டு. இத்தனை ரூபாய் கட்டினால் இந்தக் கங்காணியையும் (ஆள் திரட்டி வேலை வாங்குபவர்) அவருடைய ஆட்களையும் விடுவிக்கிறேன் என்பதுதான் அதன் சாரம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றில் சேர நினைத்தவர்களுக்கு நற்சான்று, கடன் கணக்கு எல்லாம் அதுதான். இவர் கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரரா, கவ்வாத்தில், அதாவது செடி கத்தரிப்பதில், கை தேர்ந்தவரா என்று அதில் தேடக் கூடாது. எழுதியிருந்தது விலை.

துண்டு பிறந்தது கடனில். காப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து பழம் பறிக்கும் பருவத்தில் வந்தவர்களில் பலர், வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. காப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். வந்தவரைப் போகவிடாமல் வைத்துக்கொள்ளவும் வேண்டும். திருச்சி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். ஊர்க்கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் ஏறியது. அதன்மேல் அரிசி, கம்பளி, கல்யாணம், கருமாதி. பெரிய கங்காணி துரைக்குக் கடன்பட்டவர். ஆட்கள் கங்காணிக்குக் கடன்பட்டவர்கள். எழுத்தறியாத ஒருவர் தன் பெயரில் எவ்வளவு நிற்கிறது என்று எந்தக் கணக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?

துண்டு கைக்கு வந்ததும் பெரிய கங்காணி அதை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவார். ஆள் பஞ்சத்தில் தவிக்கும் துரை, அதில் கண்ட தொகைக்கு மேலும் கொடுக்க முன்வருவார். துண்டுக்குரிய பணம் பழைய தோட்டத்துக்குப் போகும். மேல்பணம் கங்காணி கையில் நிற்கும். முழுத் தொகையும் புதிய தோட்டத்தின் புத்தகத்தில் கடனாக ஏறி, கடைசியில் அந்த ஆட்களின் தலையில்தான் இறங்கும். இப்படி இடம் மாறும்போதெல்லாம் கடன் பெருத்தது. அடுத்த துண்டில் தொகை இன்னும் பெரிதாக இருக்கும். போதாததற்கு, பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வரும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குப் ‘பென்ஸ் காசு’ என்ற தலைக்கூலி உண்டு. இரண்டு துரைமாரும் ஒரு கங்காணியும் பேசி முடித்த பேரம் இது. இதை ஆள் விற்பனை என்றே சொல்வேன்.

துண்டு வேண்டாம் என்று கால்நடையாகக் கிளம்பிவிடவும் முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுப் போவதை 1865ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம் குற்றமாக்கியிருந்தது. ஓடியவரைச் சிறையில் அடைக்கலாம்.

இந்தத் தண்டனைப் பிரிவுகளை எதிர்த்து இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் விடாமல் போராடினார். 1919இல் அவர் தொடங்கிய தொழிலாளர் நலச் சங்கத்தில் உடன் நின்றவர் பெரி சுந்தரம்; 1931இல் இலங்கையின் தொழில் அமைச்சரானார். இந்திய அரசின் நெருக்குதலும் சேர, 1921இன் 43ஆம் எண் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

காகிதம் செத்தது, பழக்கம் சாகவில்லை. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை மாறும் இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். புதிய நிறுவனம் ‘ரிலீவிங் லெட்டர்’ என்ற விடுவிப்புக் கடிதம் கேட்கும். பாண்ட் பணத்தைக் கட்டு, நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கட்டு, பிறகு தருகிறோம் என்று பழைய நிறுவனம் இழுத்தடிக்கும். இந்த இளைஞர்களுக்குப் படிப்பு உண்டு, ஓடினால் சிறையும் இல்லை. ஆனால் காகிதத்தைப் பணயமாகப் பிடித்து வைக்கும் தந்திரம் துண்டுக் காலத்துத் தந்திரமேதான். நிலுவை உண்டென்றால் அதற்குச் சட்டப்படி தனியாக வழக்குப் போடலாம். வேலை பார்த்த காலத்தை மறைத்து வைக்க அது காரணமாகாது.

ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசாரியுங்கள், பொய்ச் சான்றிதழ்கள் உலவும் காலத்தில் அது தேவைதான். ஆனால் அந்த ஒரு கடிதம் இல்லையென்று ஒருவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவருடைய பி.எஃப். கணக்கின் 12 இலக்க எண்ணில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற விவரம் பெரும்பாலும் இருக்கும். சம்பளச் சீட்டும் படிவம் 16உம் அவரிடமே இருக்கும். அவற்றை வாங்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.